மேட்டுக்காட்டுக்கு நடந்து வந்த கட்டில்கள்

ஜவ்வரிசி செய்யும் சேகோ ஆலையின் முதலாளி செங்கோடன் தன் சொத்தையெல்லாம் தர்மத்துக்கு எழுதி வைப்பதென்று முடிவு செய்து, அதற்கு ஒரு வெள்ளோட்டமாக ஆத்தூர் ரோட்டில் இருக்கும் முதியோர் இல்லத்துக்குப் புத்தம்புது இரும்புக் கட்டில்களை லாரியில் ஏற்றி அனுப்பிய மறுநாள், அந்தக் கட்டில்கள் வரிசையாக நடந்து எங்கள் ஊர் ஏத்தாங்காட்டுக்கே திரும்பி வந்தன. ரோட்டின் இடது ஓரமாகத்தான் வந்தன, பஸ்ஸுக்கு ஒதுங்கி வழி விட்டன, ரயில்வே கேட் மூடியிருந்தபோது மற்ற வண்டிகளோடு சேர்ந்து நின்று, கேட் தூக்கியதும் யாரையும் முந்தாமல் கிளம்பின. கடைசிக் கட்டிலில் இல்லத்துப் பெரியவர் ஒருவர் படுத்திருந்தார். ஏன் இறங்கவில்லை என்று கேட்டதற்கு, "எறங்கலாம்னுதான் இருந்தேன், காத்து நல்லா வந்துச்சு" என்றார். அவருக்கு ஒரு டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்து டவுன் பஸ்ஸில் திருப்பி அனுப்பி வைத்தோம்.

கட்டில்கள் செங்கோடனின் வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆலை கேட்டுக்குள் நுழைந்து, மரவள்ளிக் கிழங்கு அரைக்கும் கொட்டகையைத் தாண்டி, மேட்டுக்காட்டையும் சேர்த்துச் சிமெண்ட் போட்ட உலர்களத்துக்குப் போய், அங்கே வெள்ளை வெளேரென்று காய்ந்துகொண்டிருந்த ஜவ்வரிசியை மிதித்துக்கொண்டு கிழக்கு மூலைக்குச் சென்று நின்றன. சூப்பர்வைசர் கத்தினார், களத்துப் பெண்கள் துடைப்பத்தால் ஓட்டிப் பார்த்தார்கள், ஒன்றும் அசையவில்லை. செங்கோடன் வந்து பார்த்தார். அவர் களத்துக்குள் கால் வைக்காமலே வீட்டுக்குத் திரும்பிப் போனதை நாங்கள் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

செங்கோடனுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. பிள்ளை இல்லை. மனைவி அங்காயி போய்ச் சேர்ந்து பல வருஷம். போன ஆடியில் நெஞ்சு வலித்து, சேலத்தில் ரத்தக்குழாய்க்குள் ஒரு கம்பிச்சுருளை வைத்து அனுப்பிய பிறகுதான் அவருக்கு இந்த தர்ம யோசனை வந்தது. அது வெளியே தெரிந்ததும் வீட்டு வாசலில் கூட்டம்தான். அனாதை இல்லம், கண் தெரியாத பிள்ளைகள் பள்ளி, கோசாலை, கோயில் திருப்பணி, இன்னும் பேர் வைக்காத டிரஸ்ட்டுகள் என்று ஆளாளுக்கு வந்து சால்வை போர்த்தினார்கள். அவர் லேசில் ஏமாறுகிற ஆள் கிடையாது. கிழங்கு லோடு வந்தால் ஒன்றை ஒடித்து, பாலைப் பார்த்து, மாவு எவ்வளவு தேறும் என்று சொல்கிறவர். அதே மாதிரி ஒவ்வொரு இல்லத்துக்கும் சொல்லாமல் போய் இறங்கி, சமையல்கட்டைப் பார்ப்பார், கக்கூஸைப் பார்ப்பார், பிள்ளைகளின் தலையைக் கோதிப் பேன் இருக்கிறதா என்று பார்ப்பார். தேறிய இடத்துக்கு மட்டும் முதலில் பொருளாகக் கொஞ்சம் கொடுத்து, பிடித்தால் உயிலில் சேர்ப்பது என்பது அவர் திட்டம். கொடுத்த ஒவ்வொன்றிலும் 'உபயம்: செங்கோடன், ஏத்தாங்காடு' என்று சிவப்புப் பெயிண்டில் எழுதச் சொல்வார். டியூப் லைட்டுகளில் பேர் போக மிச்சம் இருந்த இடத்தில்தான் வெளிச்சம் வந்தது.

கட்டிலுக்குப் பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த மின்விசிறிகள் வந்தன. பறந்து வரும் என்று சிலர் பந்தயம் கட்டித் தோற்றார்கள். மூன்று இறக்கைகளையும் கால்களாக ஊன்றி அவையும் நடந்தே வந்தன. தையல் மெஷின்கள் வந்தன, பீரோக்கள் வந்தன, சக்கர நாற்காலிகள் கொஞ்சம் சீக்கிரமாகவே வந்து சேர்ந்தன. கோசாலைக்குக் கொடுத்த மாடுகளும் வந்தன, ஆனால் மாடு வீடு திரும்புவதை யாரும் அதிசயத்தில் சேர்க்கவில்லை. சரி, காசாகவே கொடுத்துவிடுவோம் என்று கொடுத்துப் பார்த்தார். அந்தக் காசுக்கு வாங்கிய அரிசி மூட்டைகள் உருண்டு வந்தன. ஒரு இல்லத்துக்காரர்கள் உஷாராகி டி.வி. பெட்டியைச் சங்கிலி போட்டு ஜன்னலோடு கட்டினார்கள். டி.வி., சங்கிலி, ஜன்னல் மூன்றும் வந்தன. ஜன்னலை மட்டும் நாங்கள் மரியாதையாகக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

எல்லாம் களத்தின் கிழக்கு மூலைக்குத்தான் வந்தன.

ஊர் பழகிக்கொண்டது. பழகாமல் என்ன செய்வது, தினமும் நடப்பதை எத்தனை நாள் வாயைப் பிளந்து பார்க்க முடியும். ஆலை கேட்டெதிரே ராசாத்தி டீக்கடை போட்டாள். லாரிக்காரர்கள் தர்ம சாமான் ஏற்றப் பாதி வாடகைதான் கேட்டார்கள், திரும்பி வருவதற்கு அவர்கள் தேவையில்லையே. சந்தைக்குப் போன பெண்கள் எதிர்ப்பட்ட கட்டில் மேல் பையை வைத்துக் கூடவே பேச்சுக் கொடுத்துக்கொண்டு நடந்தார்கள். ரோட்டில் விபத்து நடந்துவிடக் கூடாதென்று போலீஸ்காரர் ஒருவர் கடைசியாக வரும் சாமானில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டிவிட்டார். புதுக்கடை திறப்பவர்கள் செங்கோடன் கையால் முதல் போணி செய்யச் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவர் கையால் போனது பத்திரமாகத் திரும்பி வரும் என்பது எங்கள் கணக்கு. முதலாளி கை ராசியைப் பாரு என்று சிரித்தோம். அவர் ஒரு கடைக்கும் போகவில்லை. சோறு இறங்குவதில்லை என்று சமையற்காரம்மா சொன்னாள், அதற்கும் வயசைத்தான் காரணம் காட்டினோம்.

பத்திர எழுத்தர் இருசப்பன் அவருக்கு ஒரு யோசனை சொன்னார்.

"முதலாளி, சாமானெல்லாம் உங்களைத் தேடித்தான் வருது. நீங்க கொஞ்ச நாளைக்குச் சேலத்துல போய் இருங்க. அப்ப அங்கதான வரணும்? அங்க வெச்சு ஒரு பூஜையைப் போட்டு அனுப்பிடலாம்."

"வராது இருசப்பா" என்றார் செங்கோடன்.

"போய்த்தான் பாருங்களேன்."

போனார். அங்காயியின் அண்ணன் மகன் வீட்டு மாடியில் இருந்துகொண்டு, சேலத்திலேயே ஒரு இல்லத்துக்குப் போர்வைகள் வாங்கிக் கொடுத்தார். போர்வைகள் அவர் இருந்த தெரு வழியாகவே, மாடிக்குக் கீழேயே, ஒன்றின் முனையை ஒன்று பிடித்துக்கொண்டு ஏத்தாங்காட்டைப் பார்த்து நடந்தன. அவர் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டே நின்றாராம், அழுதாராம். மறுநாள் காலை பஸ்ஸில் அவர் ஊருக்கு வந்தபோது களத்தின் கிழக்கு மூலையில் இருசப்பன் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார், அவரைச் சுற்றி நாங்களும்.

"ஏனுங்க முதலாளி, இத்தனை சாமானும் களத்துல நிக்கற அந்த எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கமே நிக்குதுங்களே. இடமில்லாம ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, ஆனா இந்தப் பக்கம் ஒரு சாண் வரல. அந்தப் பக்கம் யாருதுங்க?"

 எங்களில் வயசானவர்கள் சிலர் தொண்டையைச் செருமிக்கொண்டு டீ குடிக்கக் கிளம்பிவிட்டார்கள், ஏனென்றால் அவர்களுக்குத் தெரியும். களத்துக்குச் சிமெண்ட் போட்டபோதுகூட அந்தக் கல்லைப் பிடுங்கச் செங்கோடனுக்குக் கை வரவில்லை. முதல் நாள் கட்டில்கள் கல்லைத் தாண்டிப் போய் நின்றதைப் பார்த்தபோதே அவருக்கு விஷயம் விளங்கிவிட்டது. விளங்காத மாதிரி இருந்துகொண்டு ஊருக்கெல்லாம் கொடுத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தார்.

அந்தக் கல் அவருடைய அப்பா நட்டது. கல்லுக்கு மேற்கே செங்கோடனுக்கு, கிழக்கே மேட்டுக்காடு தங்கச்சி பாவாயிக்கு என்று வாயால் சொல்லிவிட்டுப் போனவர், எழுதி வைக்கவில்லை. ஆலை கட்ட பேங்கில் லோன் கேட்டபோது, தங்கச்சியிடம் விடுதலைப் பத்திரம் வாங்கி வரச் சொன்னார்கள். எனக்கு இதில் பாத்தியதை இல்லை என்று கூடப் பிறந்தவள் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் விடுதலைப் பத்திரம். எங்கள் பக்கம் அதற்கென்று ஒரு முறை உண்டு. தங்கச்சியைப் பஸ்ஸில் அழைத்துக்கொண்டு போய் ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்து வாங்கி, நல்ல ஓட்டலாகப் பார்த்துச் சாப்பாடு போட்டு, ஒரு பட்டுச்சேலை எடுத்துக் கொடுத்து ஊரில் விட்டுவிட வேண்டும். அத்தனையும் செங்கோடன் முறையாகச் செய்தார். "என்னண்ணா எழுதியிருக்கு?" என்று பாவாயி கேட்டாள். "சும்மா பேங்குக்குக் காட்டறதுக்குக் கண்ணு. நாளைப் பின்ன உனக்கு இல்லாமயா போயிரும்?" என்றார். அவள் கையெழுத்துப் போட்டாள். மசால் தோசையை முதல் தடவையாகச் சாப்பிட்டாள். கடுகு நிற பார்டர் போட்ட பச்சைப் பட்டை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடமெல்லாம் "எங்கண்ணன் எடுத்துக் குடுத்துச்சு" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். எங்கள் ஊர்க்காரர்கள் ரெண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட்டு, அதே ஓட்டலில் அதே தோசையைச் சாப்பிட்டார்கள்.

சில வருஷம் கழித்து அவள் புருஷனுக்கு நெஞ்சில் சளி கட்டி மூச்சு வாங்கியது. பாவாயி ஆலைக்கு வந்தாள். புதுசாகச் சிமெண்ட் பூசியிருந்த களத்தில், கல்லுக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, வைத்தியத்துக்கு இந்த இடத்தில் கொஞ்சம் விற்றுக் கொடுங்கண்ணா என்று கேட்டாள். செங்கோடன் யோசித்துவிட்டு, "கையெழுத்துப் போட்டாச்சே பாவாயி" என்றார். அவர் வரவழைத்த மோரைக் குடிக்காமல், டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு அவள் போனாள். அடுத்த மழைக்காலத்தில் புருஷன் செத்தான். அவள் கூலிக்குக் கிழங்கு உரிக்கப் போனாள், அதுவும் அண்ணன் ஆலைக்கு இல்லை. முதலாளியின் தங்கச்சி கூலிக்கு வந்திருக்கிறாள் என்று யாரும் பேசி அவருக்குத் தலைகுனிவு வரக் கூடாதென்று, பக்கத்து ஊர் ஆலைக்கு நடந்து போனாள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துதான் அவருக்குச் சால்வை போர்த்தினோம்.

இருசப்பனைக் கூட்டிக்கொண்டு செங்கோடன் தங்கச்சி ஊரான ஈச்சம்பட்டிக்குப் போனார். பாவாயி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கிழங்கு உரித்து உரித்து விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. "வாங்கண்ணா" என்று எழுந்து, சாக்கை உதறிப் போட்டு, உள்ளே போய் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார். டம்ளரைக் கீழே வைக்கத் தைரியம் இல்லாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

"பாவாயி, மேட்டுக்காட்டை உன் பேருக்கு எழுதிடறேன்."

"என்னத்துக்குங்கண்ணா?"

"அது உன்னுதுதான."

"அது எனக்குத் தெரியும். உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுது?"

செங்கோடன் டம்ளரைப் பார்த்தார். அப்புறம், "அன்னைக்கே தெரியும்" என்றார்.

பாவாயி ரெண்டு மூன்று இணுக்குகளை உருவிப் போட்டாள். "அவரு மூச்சு வாங்கிட்டுக் கெடந்தப்ப, நான் அழுதுக்கிட்டே திரும்பி வந்தேன். வழியெல்லாம் என்ன சொல்றதுன்னே யோசிச்சுக்கிட்டு வந்தேனுங்கண்ணா. எங்கண்ணன் இல்லைன்னுடுச்சுன்னு சொன்னா, அந்த மனுசன் உங்களைத் தப்பா நெனைச்சுக்கிட்டே சாவாரு. அதனால அண்ணன் ஊர்ல இல்லைன்னுட்டேன். நாளைக்கு வந்துருவாரு, நாளைக்கு வந்துருவாருன்னு அவரும் பார்த்துக்கிட்டே கெடந்தாரு."

"தப்புதான் பாவாயி."

"தப்புதானுங்கண்ணா" என்றாள், கோபமே இல்லாமல். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார் என்று இருசப்பன் பின்னால் எங்களிடம் சொன்னார். கீரையை முறத்தில் அள்ளிக்கொண்டு எழுந்தவள், "வர்றேன். ஆனா எழுதுனதை ஒரு எழுத்து விடாம எனக்குப் படிச்சுக் காட்டோணும்" என்றாள்.

ரிஜிஸ்தர் ஆபீசில் இருசப்பன் பத்திரத்தைப் படித்தார். நாலு பக்க எல்லைகளையும், கிணற்றுப் பாத்தியதையையும், வண்டித் தடத்தையும் படித்தார். பாவாயி கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, இன்னொரு தடவை என்றாள். இன்னொரு தடவையும் படித்தார். கையெழுத்தெல்லாம் முடிந்து வெளியே வந்தபோது, எதிரில் அந்தப் பழைய ஓட்டல் இன்னும் இருந்தது. "ஒரு வாய் சாப்டுட்டுப் போலாம் பாவாயி" என்றார் செங்கோடன்.

"வேண்டாங்கண்ணா. நான் சோறு கட்டிட்டு வந்திருக்கேன்."

அங்கிருந்து களத்துக்கு வந்தாள். ஊரே அங்கேதான் நின்றிருந்தது. பாவாயி மஞ்சப்பையை இடுக்கிக்கொண்டு, முழங்காலைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்து, எல்லைக்கல்லைத் தாண்டினாள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி நெருக்கியடித்து நின்ற கட்டில்களும் பீரோக்களும் விசிறிகளும் தையல் மெஷின்களும் அவள் நடக்க வழி விட்டு ஒதுங்கின. அவள் ஒரு கட்டிலைத் தடவிப் பார்த்தாள், போர்வை ஒன்றை விரித்து முகர்ந்து பார்த்தாள். இவ்வளவும் தன் இடத்துக்கு வந்து இத்தனை நாள் காத்துக் கிடந்ததை நினைத்தோ என்னவோ, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எனக்கு ஒரு வீட்டுக்கு எத்தனை கட்டில் வேணும்? நீங்க இல்லாதவங்ககிட்டப் போங்க சாமி. பிள்ளைங்க வெறுந்தரையில படுத்திருக்கும், போங்க" என்றாள்.

கட்டில்கள் கிளம்பின. வந்த வழியே, இடது ஓரமாகவே, முதியோர் இல்லத்தைப் பார்த்துப் போயின. பின்னால் விசிறிகள், அதன் பின்னால் மெஷின்கள், மூட்டைகள், போர்வைகள், கடைசியாகச் சிவப்புத் துணி கட்டிய ஒரு பீரோ. அவை திரும்பி வரவில்லை. மாடுகள் மட்டும் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போயின. களத்தில் இனி என்ன செய்வது என்று இருசப்பன் கேட்டார். "கெழங்கு உரிக்கற பொம்பளைங்களுக்கு ஒக்காந்து சோறு திங்க ஒரு நெழல் இல்ல. இங்க ஒரு கொட்டாய் போடுங்க, குடிக்கத் தண்ணி வெய்ங்க" என்றாள். தர்மத்துக்கு இடம் தேடி இல்லம் இல்லமாகக் கக்கூஸைப் பார்த்துக்கொண்டு அலைந்த மனிதர், தன் ஆலையிலேயே வெயிலில் உட்கார்ந்து சாப்பிட்ட பெண்களை அன்றைக்குத்தான் திரும்பிப் பார்த்தார்.

போவதற்கு முன் பாவாயி மஞ்சப்பைக்குள் கைவிட்டு அந்தப் பச்சைப் பட்டுச்சேலையை எடுத்தாள். மடிப்பு கலையாமல் இருந்தது. ஒரு கல்யாணத்துக்கும் அவள் அதைக் கட்டவில்லை.

"இதை நீங்களே வெச்சுக்குங்கண்ணா" என்று எல்லைக்கல்லின் மேல் வைத்துவிட்டு, நாலரை மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாள்.

அந்த வாரம் ஏத்தாங்காட்டிலிருந்து தங்கச்சி வீடுகளுக்கு அண்ணன்மார் தூக்கிப் போன பழத்தட்டுகளைப் பார்த்துத் தங்கச்சிகள் பயந்தே போனார்கள். சிலர் பத்திர எழுத்தரையும் கூட்டிப் போனார்கள். பலர் பழத்தட்டோடு நிறுத்திக்கொண்டார்கள். எங்களில் யார் எந்த ரகம் என்பதை நாங்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்வதில்லை, டீக்கடையில் பேச்சு அந்தப் பக்கம் போனால் யாராவது கிழங்கு விலையை எடுத்துவிடுவோம்.

செங்கோடன் உயிலை எழுதி முடித்துவிட்டார். யார் யாருக்கு என்று பாவாயியைக் கேட்டதற்கு, "அது உங்க காசு, நீங்களே பாருங்கண்ணா" என்றுவிட்டாளாம். இப்போது அவர் கொடுப்பதெல்லாம் கொடுத்த இடத்திலேயே நிற்கிறது. 'உபயம்' எழுதுவதை விட்டுவிட்டார். கிழக்கு மூலையில் கொட்டகை வந்துவிட்டது, மதியத்தில் கிழங்கு உரிக்கும் பெண்கள் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டுச் சிரிக்கிறார்கள்.

அவர் நாற்காலி போட்டுக்கொண்டு எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்திருக்கிறார். சேலையை உள்ளே எடுத்து வைக்கச் சொன்னாலும் கேட்பதில்லை. மழை வந்தால் அதற்குக் குடை பிடிக்கிறார், வெயில் ஏறினால் துண்டைப் போர்த்துகிறார், ஈச்சம்பட்டி ரோடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் பார்க்க அதைத் திருப்பித் திருப்பி வைக்கிறார். கட்டிலுக்குக் கால் முளைத்த ஊரில் ஒரு பட்டுச்சேலைக்கு முளைக்காதா என்று நாங்களும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அவருக்குக் கண் மங்கிவிட்டது. காலையில் யார் களத்துக்குள் நுழைந்தாலும், காலடிச் சத்தம் கேட்டதும் தலையைத் தூக்கிக் கேட்பார்.

"சேலை போயிருச்சா?"

"இல்லீங்க முதலாளி" என்கிறோம்.